உறவினர்களை நீக்கிய பிறகு

அக்கா மகள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. கேள்வி என்னவோ சின்னதுதான்.

“சின்னம்மா, நீங்க அந்த டெஸ்ட் எடுத்தீங்களா இல்லையா?”

பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். புவன விஸ்தாவில் நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கிள்ளானில் இருக்கும் எங்கள் அத்தை மகளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததும், அவளுக்கு மரபணுச் சோதனை செய்ததும், அதில் ‘ஏதோ’ வந்ததும் உறவுக்காரர் ஒருவர் வழியாக அவள் காதுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு வயது 26. கூகளில் தேடிப் படித்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் தே ஓவைக் கலக்கிக்கொண்டே, “அப்புறம் பேசலாம்மா” என்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரபணு வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி, சொந்த வீட்டுப் பெண் கேட்டபோது சொன்ன பதில் அதுதான். அந்தப் பதினொரு நாளில் யோசித்ததை எழுதிவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

*

2003இல் பயோபொலிஸ் திறந்த சமயத்தில் நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தேன். மனித மரபணுத்தொகுதித் திட்டம் முடிந்ததாக அறிவித்ததும் அதே ஆண்டுதான். சுமார் 300 கோடி எழுத்துகள். அவற்றை வாசிக்க ஆன செலவு சுமார் 270 கோடி அமெரிக்க டாலர். நாங்கள் அப்போது ஒரு மரபணுவின் சில நூறு எழுத்துகளை வாசித்துவிட்டே அன்றைக்குப் பெரிய வேலை செய்துவிட்டதாக வீட்டுக்குப் போவோம். இன்று ஒரு மனிதனின் முழுத் தொகுதியையும் வாசிக்க ஆயிரம் டாலருக்குள் முடிகிறது.

துல்லிய மருத்துவம் என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. ஒரே நோய்க்கு ஒரே மாத்திரையை எல்லாருக்கும் கொடுக்காமல், இன்னாருக்கு இன்ன மருந்து என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்? அந்த ஆசை பொய்யில்லை என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. கார்பமாசெபின் என்பது வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் பழைய, மலிவான மாத்திரை. மிகச் சிலருக்கு மட்டும் அதைத் தின்ற சில வாரங்களில் தீப்பட்டதுபோலத் தோல் உரிந்துவிடும். வாய், கண் எல்லாம் புண்ணாகும். சிலர் இறந்துபோவார்கள். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அது கணிசமாக உண்டு, ஐரோப்பியரிடம் மிக அரிது. 2013இல் சிங்கப்பூர், ஆசிய வம்சாவளி நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் இந்தச் சோதனையை வழக்கமான சிகிச்சையின் பகுதியாக்கியது.

இதில் அறச்சிக்கல் எதுவும் இல்லை. சோதனையில் ‘இருக்கு’ என்று வந்தால் வேறு மாத்திரை. நோயாளி கண்ணீர் விட வேண்டியதில்லை, அக்கா தங்கைக்குப் போன் போட வேண்டியதில்லை. என் தொழில் முழுக்க இப்படியே இருக்கும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பியர்களின் மரபணுவை மட்டும் வைத்து உலகத்துக்கே மருத்துவம் பார்க்க முடியாது என்பதால் இங்கே பெரிய அளவில் வாசிப்பு தொடங்கியது. 2019இல் சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதி ஆய்வு வெளியானது. அடுத்த கட்டத்துக்கு வைத்த இலக்கு ஒரு லட்சம் பேர். இதுபோன்ற ஆய்வுகளில் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. எங்கள் கணினிக்கு வருவது ஓர் எண் மட்டுமே.

அந்த எண்களை வைத்து எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் ஒரு துப்புரவு வேலை உண்டு. ஒவ்வொரு மாதிரியும் மற்றதோடு சம்பந்தமில்லாத தனி ஆள் என்று எங்கள் புள்ளியியல் எடுத்துக்கொள்கிறது. அக்காவும் தங்கையும் இரண்டு பேரும் இரத்தம் கொடுத்திருந்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அதனால் யாருக்கு யார் சொந்தம் என்று மரபணுவை வைத்தே கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். ஜோடியில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை எடுத்துவிடுவோம். வேலைப் பட்டியலில் அந்தப் படிக்கு நான் எழுதிவைத்திருக்கும் பெயர் ‘உறவினர்களை நீக்கு.’ எத்தனை நூறு முறை அதைச் செய்திருப்பேனோ தெரியாது. ஒரு தடவைகூட உறுத்தியதில்லை.

*

கெடாவில் நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் எங்கள் பெரிய அத்தை 41 வயதில் செத்துப்போனார். சின்ன அத்தை அதற்கு ஆறு வருடம் கழித்து, 38இல். இரண்டு பேருக்கும் மார்பில் கட்டி. தோட்டத்து டிரஸ்ஸர் முதலில் பால் கட்டி என்றார். பாட்டி செய்வினை என்றார். பெரிய அத்தையைக் கடைசி நான்கு மாதம் லயத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. புண்ணைக் கழுவித் துணி மாற்றியதெல்லாம் அவள்தான். எனக்கு ஒன்பது. வாடை அடிக்கிறது என்று நான் வாசலிலேயே நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்கு அந்த நோய் வரவில்லை. அதனால் அது ‘அத்தைங்க தலையெழுத்து’ என்பதோடு முடிந்துபோனது. அப்பா வழியாகவும் மகள்களுக்கு வரலாம் என்பது தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? தெரிந்த நானும் கிள்ளான் அத்தை மகளின் முடிவு வரும்வரை என் குடும்பத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. 2018இல் நான் சோதித்துக்கொண்டேன். பிஆர்சிஏ2 மரபணுவில் அவளிடம் இருந்த அதே பிறழ்வு எனக்கும் இருந்தது.

2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ2 பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 விழுக்காடு, சூலகப் புற்றுநோய்க்கு 17. அந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களிலிருந்து கிடைத்தவை. கெடா தோட்டத்துப் பெண்ணுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியது என்னைப் போன்றவர்களின் வேலை, அதை நாங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை. கடன் வாங்கிய எண்ணை வைத்துக்கொண்டு என் சூலகங்களை எடுத்துவிடச் சம்மதித்தேன். மார்புக்கு வருடா வருடம் எம்ஆர்ஐ. இது எனக்குச் சரியான முடிவு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது அக்காவுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த மாதமே சுங்கை பட்டாணிக்குப் போனேன். நான் பேச ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்திலேயே அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“எனக்கு வேணாம். சொல்லாதே.”

“அக்கா, இப்பல்லாம் முன்னாடியே பாத்தா...”

“ஒனக்கு அது புஸ்தகம். நான் கழுவுனவ.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “ஜாதகத்துல தோஷம்னா ஒரு பரிகாரம் சொல்வாங்க. வெளக்கு போடு, கோயில சுத்துன்னு. ஒன் ஜாதகத்துக்கு என்னாடி பரிகாரம்? அறுத்துப் போடுறதா? எனக்குத் தெரிஞ்சா நான் வாழ மாட்டேன். காத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.”

இன்னொன்றும் கேட்டாள். மகளுக்கு வரன் பார்க்கும்போது இதையும் சொல்லணுமா, மறைக்கணுமா என்று. என்னிடம் பதில் இல்லை. ஆயுள் காப்பீட்டைப் பற்றியும் கேட்டாள். சிங்கப்பூரில் 2021இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் சேர்ந்து மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ஆனால் அவள் கேட்டது அதற்கு முன். தவிர, அவள் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

*

படித்தவர்கள் நாம் அக்கா மாதிரி ஆட்களைப் பற்றி எளிதாக ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவோம். பயம், அறியாமை, மூடநம்பிக்கை. எனக்கும் அன்று காரில் திரும்பும்போது அந்தக் கோபம்தான். ஆனால் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனை யாரும் அறியாதவர் என்று சொல்ல முடியாது. 2007இல் அவருடைய முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து உலகத்துக்கே திறந்து வைத்தார்கள். அவர் ஒரே ஒரு மரபணுவை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்றார். அது அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஏபிஓஇ. அவர் பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. ஹன்டிங்டன் நோயின் மரபணுவைத் தேடி வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு வருடா வருடம் போன நான்சி வெக்ஸ்லரின் தாய் அதே நோயில் இறந்தவர். அவர் குழுவின் உழைப்பால்தான் அதற்குச் சோதனையே வந்தது. தன் நிலை என்ன என்பதை அவர் நெடுங்காலம் பொதுவில் பேசவில்லை. 2020இல்தான் தனக்கு அந்த நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஆகவே தெரியாமல் இருக்க விரும்புவது படிக்காதவர்களின் குணம் என்ற பேச்சை முதலில் ஓரம் வைக்க வேண்டும். 1997இல் யுனெஸ்கோ வெளியிட்ட மனித மரபணு பற்றிய பிரகடனமும் தன் சோதனை முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கு உண்டு என்கிறது. அக்காவுக்கு யுனெஸ்கோவே சாட்சி.

எதிர்ப்பக்க வாதமும் பலமானதுதான். ஐஸ்லாந்தில் மூன்றரை லட்சம் சொச்சம் மக்கள். டிகோட் என்ற நிறுவனம் அவர்களில் பெரும்பகுதியின் மரபணுத் தகவலையும் பல தலைமுறை வம்சாவளிப் பதிவையும் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே பிஆர்சிஏ2இல் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு பரவலாக உண்டு, சுமார் 2,000 பேருக்கு மேல். யார் யார் என்று அந்த நிறுவனத்தால் சொல்ல முடியும். இரத்தமே கொடுக்காதவர்களைக்கூட உறவு வழியாக ஊகிக்க முடியும். அப்போது அதன் தலைவராக இருந்த காரி ஸ்டெஃபான்சன், ஆபத்தில் இருப்பவர்களை எச்சரிக்காமல் இருப்பதே குற்றம் என்று பல வருடம் வாதாடினார். கேட்காதவரிடம் போய்ச் சொல்ல அரசு அனுமதிக்கவில்லை. கடைசியில் 2018இல், விரும்புகிறவர்கள் தாங்களே பதிவு செய்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் இணையத்தளம் ஒன்றைத் திறந்தார்கள்.

ஆற்றங்கரையில் நடந்துபோகிறவனுக்கு முன்னால் பள்ளம் இருக்கிறது. ‘உங்களுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா’ என்று கேட்டுவிட்டா கத்துவோம்? ஸ்டெஃபான்சனின் பக்கம் சாயும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். ஆனால் உவமை முழுசாகப் பொருந்தாது. பள்ளத்தைக் கண்டவன் விலகிப் போய்விடுவான், கதை முடிந்தது. பிஆர்சிஏ2 அப்படி விலகிப் போகும் பள்ளம் கிடையாது. அது தெரிந்த அன்றிலிருந்து நடை முழுவதுமே வேறு நடை ஆகிவிடுகிறது. கார்பமாசெபினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒன்றில் நான் சொல்வது ஒரு மாத்திரையை மாற்றுகிறது. மற்றதில் நான் சொல்வதே ஒரு ஆளை மாற்றிவிடுகிறது.

இந்த இடம்வரை வந்தால் அக்காவின் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படும். அக்கா மகள் கோப்பிக் கடைக்கு வரும்வரை நானும் அங்கேயே நின்றிருந்தேன்.

*

எங்கள் ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். எதிர்பாராமல் உங்கள் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய ஏதாவது தெரியவந்தால் தெரிவிக்கலாமா? ஆம் ஒரு கட்டம், வேண்டாம் ஒரு கட்டம். இப்படி ஒரு கேள்விக்குச் சொல் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கட்டம் போட்டுவிட்டால் அறம் முடிந்தது என்று அன்று நிம்மதியாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் பேனாவோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அக்காவும் மகளும் அங்கே இல்லை. கணினியில் உறவினர்களை நீக்குவதற்கு வெகு முன்பே படிவத்தில் நீக்கிவிட்டோம்.

நீதிமன்றங்கள் இதில் எங்களைவிட முன்னால் போயிருக்கின்றன. ஐஸ்லாந்தில் ஒரு பெண், இறந்துபோன தன் தந்தையின் மருத்துவப் பதிவுகளைத் தேசியத் தரவுத்தளத்தில் சேர்க்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். அவர் தகவலிலிருந்து என்னைப் பற்றியும் ஊகிக்கலாமே என்றார். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பேச்சில் நியாயம் இருப்பதாக ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று. ஹன்டிங்டன் நோய் உறுதியான ஒரு தந்தை, கர்ப்பமாக இருக்கும் மகளிடம் சொல்லக்கூடாது என்று மருத்துவர்களைத் தடுத்துவிட்டார். குழந்தை பிறந்த பிறகு தற்செயலாக அவருக்குத் தெரியவந்தது. சோதித்தபோது அவருக்கும் இருந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அந்தக் குறிப்பிட்ட மருத்துவர்கள் தவறு செய்யவில்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால் தந்தையின் இரகசியத்தையும் மகளின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்றது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது கூட்டுப் பட்டா. பங்காளி ஒருவர் தன் அறைக்குள் போகவே மாட்டேன், பூட்டியே கிடக்கட்டும் என்று சொல்லலாம். அது அவர் இஷ்டம், கதவை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வாசல் கதவையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள அவரால் முடியாது. அக்காவின் ‘சொல்லாதே’ அவள் அறைக்குச் செல்லும். கேட்டு வந்து நிற்கும் மகளுக்குச் செல்லாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மகளுக்குத் திறந்தால் தாயின் அறையும் தன்னால் திறந்துவிடுமே? உண்மைதான். அக்கா மகளுக்கு அந்தப் பிறழ்வு இருந்தால் அது என் அக்கா வழியாகத்தான் வந்திருக்கும். மறைக்கவே முடியாது. வாட்சன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. ஏபிஓஇயை மட்டும் எடுத்துவிட்டு வெளியிட்டார்கள். பக்கத்து எழுத்துகளை வைத்து அதை ஊகித்துவிடலாம் என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகு அக்கம்பக்கத்தையும் சேர்த்து எடுத்தார்கள். வாட்சனுக்கு அக்கம்பக்கம் எழுத்துகள். அக்காவுக்கு அக்கம்பக்கம் நானும் அவள் மகளும். எங்களை எடுத்துவிட முடியாது.

ஆகவே தெரியாமல் இருக்கும் உரிமையை யாராலும் முழுசாகக் காப்பாற்றித் தர முடியாது என்று இப்போது நினைக்கிறேன். தேடிப்போய்ச் சொல்லாமல் இருக்கலாம். கேட்பவரிடம் பொய் சொல்லாமல் இருக்கலாம். என் உடம்பைப் பற்றி மட்டும் பேசலாம். தெரிந்தவளின் கடமை இவ்வளவுதான் என்றால் மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் இந்த மூன்றையும் ஒரே குடும்பத்துக்குள் ஒரே வாரத்தில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

*

பன்னிரண்டாம் நாள் முதலில் அக்காவைக் கூப்பிட்டேன். “பாப்பா கேட்டுச்சி. நான் என்னைப் பத்தி மட்டும் சொல்லப் போறேன். பொய் சொல்ல மாட்டேன்” என்றேன். போனை வைத்துவிட்டாள். பிறகு மகளிடம் சொன்னேன். எடுத்தேன், எனக்கு இருக்கிறது, இன்னின்ன செய்துகொண்டேன், நீ முடிவு செய்வதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் பேசு, அவசரம் இல்லை. அவள் அழவில்லை. “தேங்ஸ் சின்னம்மா” என்று மட்டும் சொன்னாள். சோதனை எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“அவ டெஸ்டுக்குப் போறாளாம். நீ ஒன்னு செய். இல்லேன்னு வந்தா மட்டும் எனக்குச் சொல்லச் சொல்லு. இருந்தா சொல்ல வேணாம்.”

“அக்கா... அப்பன்னா அவ போன் பண்ணலைன்னாவே ஒனக்குத் தெரிஞ்சிடுமே.”

அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. குக்கர் மட்டும் இரண்டு விசில் அடித்தது.

“இல்லேன்னு வந்தா எனக்கும் இல்லைன்னு அர்த்தமா?”

“அதுவும் கெடையாதுக்கா. அவளுக்கு வராம ஒனக்கு இருக்கலாம்.”

“அப்ப எது வந்தாலும் எங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிடு” என்றாள். நான் சரி என்று சொல்வதற்குள் மறுபடி அவளே பேசினாள். “ஆஸ்பத்திரிக்கு எந்த நாளுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. நானும் கூட போறேன். உள்ள வரல. வெளிய உக்காந்துக்கிறேன்.”